மாதமாலிங்கம்: தூபிக்குத் துணி சாத்தும் நகரம்

பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும் மாக பூஜைப் பௌர்ணமி அன்று தெற்குத் தாய்லாந்தின் நகோன் சி தம்மராத் நகரில் நடுச்சாலையில் ஒரு துணி நகர்ந்து வரும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று பல நிறங்களில், நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்தில் இருக்கும். இரு ஓரங்களையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியபடி மக்கள் வரிசையாக நடப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள், சந்தைக் கடைக்காரர்கள், பாங்காக்கில் வேலை பார்த்துக்கொண்டு இதற்காகவே ஊர் திரும்பியவர்கள் என எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. தூக்க முடியாத வயதானவர்கள் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டாவது கூடவே நடப்பார்கள்.

ஊர்வலம் போய்ச் சேரும் இடம் மகாதாது கோயில். அங்கே 50 மீட்டருக்கும் அதிக உயரத்தில், மணியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு வெள்ளைத் தூபி நிற்கிறது. உச்சியில் தங்கம் மின்னும். கொண்டுவந்த துணியை அந்தத் தூபியைச் சுற்றிக் கட்டுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் சாமிக்குப் பட்டு சாத்துவோம் அல்லவா? இந்த ஊர் தன் தூபிக்கே ஆண்டுதோறும் புதுத் துணி சாத்துகிறது. ஊர் மரபு சொல்லும் கணக்குப்படி இந்த வழக்கத்துக்கு வயது ஏறக்குறைய 800.

இந்த 800 ஆண்டுகளில் அந்த ஊர் இழந்தவை கொஞ்சநஞ்சமல்ல. தனி அரசு போனது. பெரிய துறைமுகம் என்ற பெயர் போனது. கோட்டை மதிலில் சில துண்டுகள்தான் மிச்சம். ஆனால் துணி ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை.

பெயருக்குள் ஒரு ராஜா

நகோன் சி தம்மராத் என்ற பெயர் வாயில் நுழையச் சிரமப்படுகிறதா? பிரித்துப் பார்த்தால் எல்லாமே நமக்குத் தெரிந்த சொற்கள்தான். நகோன் என்றால் நகரம். சி என்றால் ஸ்ரீ. தம்மராத் என்பது தர்மராஜன். ஸ்ரீ தர்மராஜனின் நகரம்!

பாங்காக்கிலிருந்து தெற்கே சாலை வழியாகச் சுமார் 780 கிலோமீட்டர். தாய்லாந்து வளைகுடாவின் கரையோரம், மணல் மேடு ஒன்றின் மேல் எழுந்த ஊர். அதனால் பழைய நகரம் நீள்வாக்கில்தான் வளர்ந்தது. கோட்டைப் பகுதி வடக்கு தெற்காக 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அகலமோ அரை கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு காலத்தில் அருகிலேயே இருந்த கடல், வண்டல் படிந்து படிந்து இன்று கிழக்கே தள்ளிப் போய்விட்டது.

அந்தக் கடல்தான் இந்த ஊரைப் பெரிய ஊராக்கியது. வங்கக் கடலைத் தாண்டி வந்த வணிகர்கள் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இறங்குவார்கள். சரக்கை ஆறுகள் வழியாகவும் மலைப்பாதைகள் வழியாகவும் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்து, மீண்டும் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்புவார்கள். மேற்குக் கரையின் தக்குவாபாவில் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 'அவனிநாரணம்' என்ற குளத்தையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது. ஊர் விட்டு ஊர் போன வணிகர்கள், போன இடத்தில் குளமும் வெட்டியிருக்கிறார்கள்.

ராஜேந்திரனின் பட்டியலில்

இந்த நகரத்தை மையமாகக் கொண்ட பழைய அரசுக்குத் தாம்பரலிங்கம் என்று பெயர். கங்கைகொண்ட சோழனான முதலாம் ராஜேந்திரன் 1025-ல் கப்பற்படை அனுப்பி வென்ற ஊர்களை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், கடாரம், இலங்காசோகம், தக்கோலம் என்று நீளும் அந்த வரிசையில் 'மாதமாலிங்கம்' என்று ஒரு பெயர் வரும். அது இந்தத் தாம்பரலிங்கம்தான் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

அதற்கு முன்பே, 1001-ல், இந்த அரசு சீனத்தின் சோங் பேரரசுக்குத் தூது அனுப்பியிருக்கிறது. அதாவது, சோழர் படை போனது ஏதோ காட்டுக்குள் இருந்த சிற்றூருக்கு அல்ல. கிழக்கே சீனாவோடும் மேற்கே இந்தியாவோடும் கணக்கு வழக்கு வைத்திருந்த ஒரு துறைமுக அரசுக்கு.

வென்ற சோழர்கள் அங்கேயே தங்கி ஆளவில்லை. படை வந்தது, போனது. ஊர் மறுபடி எழுந்துகொண்டது.

அங்கிருந்து வந்த சந்திரபானு

படைகள் எப்போதும் நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனதாகவே பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கிருந்து இந்தப் பக்கம் வந்த ஒருவன் உண்டு. அவன் பெயர் சந்திரபானு.

நகரத்துக்கு வடக்கே உள்ள சையாவில் கிடைத்த 1230-ம் ஆண்டுக் கல்வெட்டு, சந்திரபானு ஸ்ரீ தர்மராஜன் என்ற அரசனைப் புகழ்கிறது. அவன் 1247-ல் கப்பல் படையோடு இலங்கையில் போய் இறங்கினான். தம்பதெனியாவில் இருந்து ஆண்ட இரண்டாம் பராக்கிரமபாகுவின் படை அவனை விரட்டியது. தோற்றவன் ஊர் திரும்பவில்லை. இலங்கையின் வடக்கே ஓர் ஆட்சியை அமைத்துக்கொண்டான். சுமார் 1262-ல் மறுபடியும் தெற்கு நோக்கிப் படையெடுத்தான். இந்த முறை அவனுடைய படையில் தமிழ் வீரர்களும் இருந்தார்கள். அவன் என்ன கேட்டான் என்பதைச் சிங்கள வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. புத்தரின் பல்லையும் திருவோட்டையும் கேட்டான்.

அந்தப் போரில் பாண்டியர்கள் நுழைந்தார்கள். சந்திரபானு மாண்டான். புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள குடுமியான்மலையில், சடையவர்மன் வீரபாண்டியனின் கல்வெட்டு இந்த வெற்றியைச் சொல்கிறது. அதில் அவன் பெயர் 'சாவகன்'. அவன் மகன் பாண்டியனுக்குப் பணிந்து தந்தையின் நிலத்தைத் திரும்பப் பெற்றதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியின் பெயர் இந்தச் சாவகர்களால் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு.

ஒரு பல்லுக்காகக் கடல் கடந்து போய் ஓர் அரசன் உயிரை விடுவானா? அதற்கான விடை அவனுடைய ஊரிலேயே, அந்தத் தூபிக்கு அடியில் இருப்பதாக மக்கள் நம்புகிறார்கள்.

நிழல் விழாத தூபி

கலிங்க நாட்டுத் தந்தபுரத்தில் புத்தரின் பல் இருந்தது. போர் மூண்டபோது இளவரசி ஹேமமாலாவும் இளவரசன் தந்தகுமாரனும் அதை மறைத்து எடுத்துக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினார்கள். இதுவரை இலங்கையிலும் சொல்லப்படும் கதைதான். நகோன் மக்கள் இதில் ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள். கப்பல் உடைந்து இருவரும் தங்கள் ஊர் மணற்கரையில் ஒதுங்கினார்களாம். பல்லை அந்த மணலில் புதைத்து வைத்தார்களாம். பிறகு அதை இலங்கைக்குக் கொண்டுபோனாலும், தாதுவின் ஒரு பகுதி இங்கேயே தங்கிவிட்டதாம். அந்த இடத்தில்தான் தூபி எழுந்தது.

இன்று நாம் பார்க்கும் தூபி இலங்கைப் பாணியில் அமைந்தது. சுற்றிலும் சிறு தூபிகள் காடு போல நிற்கின்றன. அடித்தளத்தில் யானைகள் சுவரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த நேரத்திலும் பெரிய தூபியின் நிழல் தரையில் விழாது என்பது ஊர் நம்பிக்கை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நம் ஊரிலும் இதே கதை உண்டு!

உச்சியில் இருக்கும் தங்கம் ஏதோ ஓர் அரசன் ஒரே நாளில் போர்த்தியது அல்ல. பல தலைமுறைகளில் பலர் கொடுத்த தகடுகள் அவை. தகடுகள் சிலவற்றில் கொடுத்தவர்களின் பெயரும் வேண்டுதலும் எழுதப்பட்டிருக்கின்றன. பெயரை எழுதினாலும் அந்த உயரத்தில் யார் படிக்கப் போகிறார்கள்? படிக்க வேண்டியவர் படித்தால் போதும் என்று கொடுத்திருக்கிறார்கள்.

கரை ஒதுங்கிய துணி

இனி, அந்தத் துணியின் கதை. தூபிக்கு விழா எடுக்க ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம். பாக் பனாங் கடற்கரையில் நீளமான துணி ஒன்று கரை ஒதுங்கியது. அதில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள் வரையப்பட்டிருந்தன. ஊர்க்காரர்கள் அதை அரசனிடம் கொண்டுபோனார்கள். துவைத்துக் காய வைத்தபோது ஓவியம் கொஞ்சமும் கலையவில்லை.

யாருடைய துணி என்று தேடினார்கள். பர்மாவின் ஹம்சவதியிலிருந்து இலங்கைக்குப் புனிதப் பயணம் புறப்பட்ட நூறு பேருடைய காணிக்கை அது என்று தெரிந்தது. புயலில் கப்பல் உடைந்து, பத்துப் பேர் மட்டுமே பிழைத்திருந்தார்கள். இலங்கைத் தூபிக்கு என்று கொண்டுவந்த துணி அது. பிழைத்தவர்கள், 'இதுவும் புத்தரின் தாது இருக்கும் இடம்தானே, இங்கேயே சாத்துங்கள்' என்று சம்மதித்தார்கள். அன்று தொடங்கியது இந்த வழக்கம் என்பது மரபு. சந்திரபானுவின் அண்ணன் ஆண்ட காலம் அது என்றும் கதை சொல்கிறது.

கதை உண்மையோ இல்லையோ, அதில் இருக்கும் மனம் உண்மை. வேறு ஊருக்குப் போகவேண்டிய காணிக்கை அது. கொண்டுவந்தவர்களில் தொண்ணூறு பேர் கடலில் போய்விட்டார்கள். முன்பின் தெரியாத அந்த மனிதர்களின் வேண்டுதலைத் தன் வேண்டுதலாக ஏற்று, ஓர் ஊரே ஆண்டுதோறும் நிறைவேற்றி வருகிறது.

இப்போது குடும்பம் குடும்பமாகத் துணி வாங்கி, ஒன்றோடு ஒன்று தைத்து நீளமாக்குகிறார்கள். சிலர் தங்கள் பெயரையும் இறந்துபோன பெற்றோர் பெயரையும் துணியில் எழுதுகிறார்கள். ஊர்வலம் தூபியை மூன்று முறை வலம் வரும். பிறகு சிலர் மட்டும் படியேறி மேல்தளத்துக்குப் போய்த் துணியைச் சுற்றுவார்கள். வெயிலிலும் மழையிலும் அது நிறம் மங்கும், கிழியும். அடுத்த முறை புதுத் துணி வரும்.

ஊஞ்சல் ஆடிய மார்கழி

பௌத்த நகரம் என்று சொல்லிவிட்டாலும், அதே சாலையில் எதிரெதிரே இரண்டு சிறு கோயில்கள் இருக்கின்றன. ஒன்று 'ஹோ பிரா இசுவான்'. இசுவான் என்றால் ஈசுவரன். உள்ளே லிங்கம் இருக்கிறது. மற்றொன்று 'ஹோ பிரா நாராய்'. நாராய் என்றால் நாராயணன். இந்தப் பகுதியில் கிடைத்த, இடுப்பில் சங்கை ஏந்திய விஷ்ணு சிலைகள் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய விஷ்ணு சிலைகளில் வைத்து எண்ணப்படுகின்றன.

ஈசுவரன் கோயிலுக்குப் பக்கத்தில் உயரமான சிவப்பு மரத்தூண்கள் இரண்டு. அது ஓர் ஊஞ்சல். பாங்காக்கின் புகழ்பெற்ற ராட்சத ஊஞ்சலின் தம்பி என்று சொல்லலாம். தாய்லாந்துப் பிராமணர்கள் நடத்தும் அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பாவாய். காதில் விழுந்ததுமே தமிழருக்குப் புரிந்துவிடும்: திருவெம்பாவை! நம் மார்கழியை ஒட்டிய நாட்களில்தான் அந்த விழாவும் வரும். கடல் கடந்து போன பாட்டின் பெயர் அரண்மனைச் சடங்கின் பெயராகிவிட்டது. பொருள் மறந்து, ஓசை மட்டும் மந்திரமாகத் தங்கியது.

பாங்காக்கில் ஊஞ்சல் ஆடுவது 1935-ல் நின்றது. நகோனிலும் அந்தச் சடங்கு நின்றுபோனது. ஆனால் நகர மக்கள் 2001-ல் அதன் ஒரு பகுதியை மீட்டெடுத்தார்கள். சூரிய சந்திரர், பூமாதேவி, கங்கை ஆகியோரைச் செதுக்கிய மூன்று மரப்பலகைகளை ஊர்வலமாக எடுத்துவந்து ஈசுவரனை வரவேற்கும் சடங்கு அது. இப்போது ஏப்ரல் மாதம், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் சோங்க்ரான் புத்தாண்டில் அதை நடத்துகிறார்கள்.

பதக்கம் பிடித்த பித்து

பழைமையைப் போற்றுவதில் இந்த ஊர் ஒருமுறை தடுமாறியும் போனது. தூபியின் மேல்தளத்துக்கு ஏறும் படிக்கட்டின் வாசலில் இரண்டு காவல் தெய்வங்கள் உண்டு. ஜதுகாம், ராமதேப் என்று பெயர். ஜதுகாம் என்பது கதிர்காமம் என்பதன் திரிபு, அதாவது இலங்கையின் கதிர்காமக் கந்தன்தான் இங்கே காவல் நிற்கிறான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1987-ல் நகரத் தூண் கோயிலுக்காக இந்தத் தெய்வங்களின் பெயரில் வட்டப் பதக்கம் வெளியிடப்பட்டது. விலை ஐம்பது பாட்டுக்கும் குறைவு. அதில் முக்கியப் பங்கு வகித்தவர் நூறு வயதைக் கடந்து வாழ்ந்த முன்னாள் காவல் அதிகாரி குன் பான். அவர் 2006-ல் காலமானார். 2007 பிப்ரவரியில் இறுதிச் சடங்கு நடந்த பிறகு பதக்கத்துக்குப் பித்துப் பிடித்தது. அணிந்தால் பணம் கொட்டும் என்றார்கள். பழைய பதக்கங்கள் லட்சக்கணக்கான பாட்டுக்குக் கை மாறின. புதிது புதிதாகப் பதக்கம் அச்சானது. ஊரில் விடுதி அறை கிடைப்பதே அரிதானது.

அந்த ஏப்ரலில், பதக்கத்துக்கான சீட்டு வாங்க முண்டியடித்த கூட்டத்தில் மிதிபட்டு ஒரு பெண் இறந்தார்.

அடுத்த சில மாதங்களில் விலை சரிந்தது. வாங்கிக் குவித்தவர்களிடம் பதக்கங்கள் தேங்கின. தெய்வங்கள் இருவரும் வழக்கம்போலப் படிக்கட்டு வாசலில் நிற்கிறார்கள். துணி ஏந்தி மேலே போகிறவர்கள் ஆண்டுதோறும் அவர்களைக் கடந்துதான் போகிறார்கள். அந்த வழிபாட்டுக்கு ஒரு முழம் துணி போதும்.

பத்தாம் மாதத்துப் பலகாரங்கள்

மக்கள் கையால் செய்து காப்பாற்றும் இன்னொரு விழாவும் இருக்கிறது. தாய்லாந்துக் கணக்கில் பத்தாம் மாதத் தேய்பிறை 15 நாட்களும், இறந்துபோன முன்னோர் தங்கள் வீட்டாரைப் பார்க்க வருவதாக நம்பிக்கை. கடைசி நாள் அமாவாசை. பல ஆண்டுகளில் அது நம் மகாளய அமாவாசை நாளேதான்!

முன்னோர்க்குப் படைக்க ஐந்து பலகாரங்கள் கட்டாயம். அரிசி மாவைக் கரைத்து, பொடித் துளைகள் போட்ட கொட்டாங்குச்சி வழியாக வாணலியில் இழை இழையாகச் சுற்றுவது கனோம் லா. வலை போல வரும் அது முன்னோர்க்கு உடுப்பு. அரிசிப் பொரியில் செய்யும் கனோம் போங், மறுகரை சேரப் படகு. நம் அதிரசத்துக்கு நடுவில் துளை போட்டது போன்ற கனோம் தி சாம், செலவுக்குக் காசு. இன்னொன்று நகை, மற்றொன்று பொழுது போக விளையாட்டுக் காய். உடுக்க, பயணிக்க, செலவழிக்க, அலங்கரிக்க, விளையாட எல்லாம் ஆயிற்று. போனவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டு முன்னோர்க்குப் படைத்த பிறகு, நினைக்க ஆளில்லாதவர்களுக்கும் கோயில் வளாகத்தில் ஒரு மேடையில் படைப்பார்கள். சடங்கு முடிந்ததும் சிறுவர்கள் பாய்ந்து அள்ளுவார்கள். 'சிங் பிரேத்', அதாவது பிரேதத்தின் பங்கைப் பறிப்பது என்று அதற்குப் பெயர். அப்படிக் கிடைத்ததைத் தின்பது நல்லது என்று பெரியவர்களும் கை நீட்டுவது உண்டு.

யார் காப்பாற்றுகிறார்கள்?

மகாதாது கோயில் 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தத் தென்பகுதியின் நோரா நடன நாடகம் 2021-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் பெருமைதான். ஆனால் இவை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஊர் மக்கள் யார் சொல்லியும் காத்திருக்காமல் துணி தைத்துக்கொண்டிருந்தார்கள், மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாம்பரலிங்கம் என்ற அரசு இன்று பாடநூல்களில்தான் இருக்கிறது. இந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றுகூட முழுமையாகப் படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. கல்லில் எழுதினால் அழியாது என்று நினைத்தவர்களின் எழுத்து மங்க, கிழியும் என்று தெரிந்தே கட்டிய துணி இன்னும் தூபியில் இருக்கிறது. கிழிந்ததால்தான் ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒன்றைத் தைக்க வேண்டியிருந்தது. பேத்திக்குப் பாட்டி ஊசியில் நூல் கோக்கச் சொல்லித் தந்தது அப்படித்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு ரயிலும் உண்டு. மகாதாது கோயில், ஈசுவரன் கோயில், நாராயணன் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாம் ஒரே நீண்ட சாலையை ஒட்டி இருப்பதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். காலை உணவுக்கு இடியாப்பம் போன்ற 'கனோம் சீன்' கேளுங்கள். காரமான குழம்போடும் ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்கீரையோடும் தருவார்கள்.